கோஸ்பல் இசைக்கலைஞர்களுக்காக ஓர் இதழைத் தொடங்குவது எப்படி?

அமெரிக்காவில் கோஸ்பல் என்னும் கிறிஸ்தவ சமய இசையைப் பாடுகிறவர்களுக்கும் வாசிக்கிறவர்களுக்கும் என்றே ஓர் இதழ் தொடங்க நினைப்பதாகச் சொல்லி, அதற்கு வாசகர் கிடைப்பார்களா, அச்சில் கொண்டுவரலாமா, எவ்வளவு செலவாகும், சட்டப்படி எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். வாசகர் கிடைப்பார்கள் என்றே நான் கருதுகிறேன். ஆனால் அது நீங்கள் முதலில் எடுக்க வேண்டிய ஒரு முடிவைப் பொறுத்தது. இந்த இதழ் கோஸ்பல் இசையைக் கேட்டு ரசிப்பவருக்கா, ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த இசையை உருவாக்கியே ஆக வேண்டியவருக்கா என்பதுதான் அந்த முடிவு.

இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் இதழை நடத்தலாம் என்று பலருக்கும் தோன்றும். அட்டையில் புகழ்பெற்ற பாடகர், உள்ளே அவருடைய பேட்டி, புதிய இசைத்தொகுப்புகளின் மதிப்புரை, நடுவில் இரண்டு பக்கம் இசைப் பயிற்சி என்று அது அமையும். இந்த வடிவம் இன்று நிலைப்பது கடினம். பாடகரைப் பற்றிய செய்தியும் படமும் அவருடைய சொந்தப் பக்கத்திலேயே அன்றன்று இலவசமாகக் கிடைக்கும்போது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதைக் காசு கொடுத்து வாங்க ஆளில்லை. 1978இல் ஜான் ஸ்டைல் தொடங்கிய சிசிஎம் இதழ் சமகாலக் கிறிஸ்தவ இசையின் முதன்மையான இதழாக முப்பதாண்டுகள் இருந்தும், 2008இல் அதன் அச்சுப் பதிப்பு நின்றுபோனது. அவ்வளவு பெரிய சந்தையும் பெயரும் இருந்த இதழுக்கே அது நடந்ததென்றால், புதிதாக வருகிறவர் அதே பாதையில் போவதில் பொருளில்லை. மாறாக, இரண்டு மணி நேர ஆராதனைக்கு ஆர்கன் வாசிப்பவர், ஐம்பது பேர் கொண்ட பாடகர் குழுவுக்கு வியாழக்கிழமை இரவு ஒரு புதிய பாடலைக் கற்பிக்க வேண்டியவர், வார இறுதிகளில் வேன் ஓட்டிச் சென்று பாடிவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பும் நால்வர் குழுவினர் ஆகியோருக்கு ஒரே இடத்தில் தொகுத்துச் சொல்லப்படும் தொழில் அறிவு இன்றும் எளிதில் கிடைப்பதில்லை. உங்கள் இதழ் அவர்களுக்கானது என்று முடிவு செய்யுங்கள்.

இது புதிய யோசனை அல்ல என்பதும் நம்பிக்கை தரும் செய்திதான். வர்ஜீனியாவில் ஆல்டின் கீஃபரும் எஃப்ரெய்ம் ருபுஷும் 1870இல் தொடங்கிய மியூசிக்கல் மில்லியன் என்ற இதழ், ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு வடிவம் தந்து எழுதும் குறியீட்டு முறையைப் பரப்புவதற்காகவே வெளிவந்தது. அதன் வாசகர்கள் ஊர் ஊராகச் சென்று பாட்டுப் பள்ளி நடத்திய ஆசிரியர்கள். அவ்வளவு குறுகிய வட்டத்தை நம்பி அந்த இதழ் 1914 வரை நாற்பதாண்டுகளுக்கு மேல் ஓடியது. டென்னசியின் லாரன்ஸ்பர்க்கில் பாட்டுப் புத்தகங்கள் வெளியிட்டு வந்த ஜேம்ஸ் வான், 1910இல் அப்புத்தகங்களை விற்பதற்காகவே ஒரு நால்வர் குழுவைச் சம்பளத்துக்கு அமர்த்தி ஊர்களுக்கு அனுப்பினார். 1912இல் ஓர் இதழையும் தொடங்கினார். இந்த முன்னோடி முயற்சிகள் இரண்டிலும் ஒரு பொதுவான தன்மை உண்டு. அவர்களுடைய இதழ் தனித்து நிற்கவில்லை. பள்ளி, புத்தகம், குழு என்று வாசகர் ஏற்கெனவே ஈடுபட்டிருந்த ஒரு வேலையோடு அது பிணைந்திருந்தது. உங்கள் இதழும் எந்த வேலையோடு பிணையப் போகிறது என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கோஸ்பல் என்ற ஒரே பெயரில் குறைந்தது மூன்று தனித்தனி உலகங்கள் இருக்கின்றன. சிகாகோவில் தாமஸ் டார்சி, சாலி மார்ட்டின் போன்றவர்களால் 1930களில் உருப்பெற்ற கறுப்பின கோஸ்பல். தென்மாநிலங்களின் வெள்ளையர் நால்வர் குழுக்களிலிருந்து வளர்ந்த சதர்ன் கோஸ்பல். நாஷ்வில்லை மையமாகக் கொண்ட சமகாலக் கிறிஸ்தவ இசை. இவற்றுக்குத் தனித்தனி மாநாடுகள், தனித்தனி வானொலிகள், தனித்தனி விருதுகள் உண்டு. கோஸ்பல் இசைச் சங்கத்தின் டவ் விருதுகள் 1969இல் தொடங்கியவை. கறுப்பின கோஸ்பலுக்கான ஸ்டெல்லர் விருதுகள் 1985இல் வந்தவை. இவ்வுலகங்கள் ஒன்றோடொன்று கடன் வாங்கிக்கொண்டே இருந்தாலும், ஒன்றின் ஆர்கன் வாசிப்பாளருக்குத் தேவையானது மற்றொன்றில் பாரிடோன் என்னும் நடுத்தர ஆண்குரலில் பாடுபவருக்குத் தேவைப்படாது. மூன்றையும் ஒன்றிணைக்க வேண்டும் என்பது உயர்ந்த நோக்கம்தான்; ஆனால் புதிய இதழால் அந்தச் சுமையைத் தாங்க முடியாது. உங்களுக்கு ஆட்களைத் தெரிந்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கீழே நான் சொல்லும் உதாரணங்கள் பெரும்பாலும் கறுப்பின கோஸ்பலை ஒட்டியவை. நான் அதிகம் அறிந்தது அதுவே.

உள்ளடக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கெனத் மோரிஸ் 1939இல் சிகாகோவின் ஃபர்ஸ்ட் சர்ச் ஆஃப் டெலிவரன்ஸ் ஆலயத்தில் மின்சாரத்தில் இயங்கும் ஹாமண்ட் ஆர்கனைக் கோஸ்பலுக்குள் கொண்டுவந்தார். அதன் பிறகு அந்தக் கருவியும் அதனோடு இணைந்த, சுழன்று ஒலியை அசைக்கும் லெஸ்லி ஒலிபெருக்கியும் இந்த இசையின் அடையாளமாகவே ஆகிவிட்டன. ஆனால் ஹாமண்டின் புகழ்பெற்ற பி-3 மாதிரியின் உற்பத்தி 1970களிலேயே நின்றுவிட்டது. இன்று ஓர் இளைஞர் வாசிப்பது பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஓடும் பழைய கருவியாக இருக்கும், அல்லது அதன் ஒலியைப் போலி செய்யும் விசைப்பலகையாக இருக்கும். பழைய கருவியில் எந்தப் பாகம் முதலில் பழுதாகும், அதைச் சரிசெய்பவர் எந்த மாநிலத்தில் இருக்கிறார், போதகர் பேசும்போது பின்னணியில் வாசிக்க ஒலியின் தன்மையை மாற்றும் டிராபார்கள் என்னும் இழுவைக் கம்பிகளை எப்படி வைப்பது, அவர் குரல் உயரும் இடத்தில் லெஸ்லியின் வேகத்தை எப்போது மாற்றுவது என்பவை ஒவ்வொன்றும் ஒரு கட்டுரைக்கு இடம் தரும் விஷயங்கள். இந்தக் கட்டுரையை எழுத வேண்டியவர் எழுத்தாளர் அல்லர். முப்பது ஆண்டுகள் வாசித்த ஒருவர். அவருக்கு எழுதும் பழக்கம் இருக்காது. நீங்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு அவர் அருகில் உட்கார்ந்து, அவரை வாசிக்க வைத்து, கேள்வி கேட்டு, அவர் சொன்னதை எழுத்தாக்கி, அவரிடமே படித்துக் காட்டித் திருத்த வேண்டும். ஆசிரியரின் உழைப்பில் பெரும்பகுதி இதற்கே போகும், போகவும் வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த மரபில் மிகத் தேர்ந்தவர்களில் பலர் செவிவழியே கற்றவர்கள். பாடகர் குழுக்களும் பெரும்பாலும் சோப்ரானோ (உயர்ந்த பெண்குரல்), ஆல்டோ (தாழ்ந்த பெண்குரல்), டெனர் (உயர்ந்த ஆண்குரல்) என்று மூன்று பகுதிகளாகப் பாடுகின்றன. இயக்குநர் ஒவ்வொரு பகுதியையும் பாடிக் காட்ட, அவர்கள் திருப்பிப் பாடிக் கற்கிறார்கள். ஆகவே ஐந்துகோட்டு இசைக்குறிப்பை மட்டும் பக்கம் பக்கமாக அச்சிட்டால் பாதி வாசகர்களை இழந்துவிடுவீர்கள். அதை முற்றிலும் விட்டுவிட்டாலோ படித்த மற்ற பாதியினர் இதழை மதிக்க மாட்டார்கள். ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரத்தொகுப்புகளை (chords) எண்களால் குறிக்கும் வழக்கம் இவர்களிடையே பரவலாக இருப்பதால், எண், இசைக்குறிப்பு இரண்டையும் அருகருகே தந்து, பக்கத்தின் ஓரத்தில் ஒரு கியூஆர் குறியீட்டை அச்சிட்டு, அந்தப் பகுதியை வாசித்துக் காட்டும் ஒலிப்பதிவுக்கு அது இட்டுச் செல்லுமாறு செய்வதே சரியான வழி. அந்த ஒலிப்பதிவும் அரை வேகத்தில் ஒரு முறை, முழு வேகத்தில் ஒரு முறை இருக்கட்டும்.

இசைக்கு அப்பாற்பட்டு, இவர்களிடையே பேசப்படாத, ஆனால் எல்லோரும் அறிய விரும்பும் ஒரு விஷயம் பணம். ஆலயத்தில் வாசிப்பது ஊழியமா, வேலையா என்ற கேள்வியைக் கிளப்பினாலே சிலருக்குக் கோபம் வரும். அந்தத் தயக்கத்தின் நிழலில், எழுத்து ஒப்பந்தம் இல்லாமல், உறையில் போட்டுக் கொடுக்கப்படும் தொகையை வாங்கிக்கொண்டு எத்தனையோ பேர் பல ஆண்டுகள் வாசிக்கிறார்கள். எப்போது வர வேண்டும், எதை வாசிக்க வேண்டும், ஒத்திகை எப்போது என்று எல்லாவற்றையும் சபையே தீர்மானிக்கும் நிலையில், வரித்துறையின் பார்வையில் அவர் சுயேச்சையாக ஒப்பந்தம் செய்துகொண்டவராக இல்லாமல் சபையின் சம்பளப் பணியாளராகவே கருதப்படக்கூடும். அப்படியானால் சமூகப் பாதுகாப்பு வரியில் சபையும் பங்கு செலுத்த வேண்டியிருக்கும். இதை ஒரு வரி ஆலோசகரைக் கொண்டு தெளிவாக எழுதச் செய்யுங்கள். அதேபோல, சொந்தமாகக் குறுந்தகடு வெளியிடும் பாடகர் மற்றவர் எழுதிய பாடல்களைப் பாடினால் பாடலைப் பதிவு செய்து பிரதி எடுப்பதற்காகப் பாடலாசிரியருக்குச் செலுத்த வேண்டிய இயந்திரப் பதிப்புரிமைத் தொகை, ஐந்து நிமிடத்துக்கு மிகாத பாடலுக்குப் பிரதி ஒன்றுக்கு 2025இல் 12.7 சென்ட். பத்துப் பாடல்கள் கொண்ட ஆயிரம் குறுந்தகடுகளுக்கு அது 1,270 டாலர் ஆகிறது. இந்தக் கணக்கைப் பதிவுக்கூடத்துக்குள் நுழையும் முன் அறிந்திருப்பவர்கள் மிகக் குறைவு. இத்தகைய ஒரு கட்டுரையே ஓராண்டுச் சந்தாவுக்கு ஈடு என்று வாசகர் நினைப்பார்.

பாடல்களை அச்சிடுவதில் நீங்களும் அதே சட்டத்துக்கு உட்பட்டவர் என்பதை மறக்க வேண்டாம். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 110ஆம் பிரிவு, சமயம் சார்ந்த பாடலை ஆராதனையின்போது பாடுவதற்கு அனுமதி தேவையில்லை என்கிறது. ஆலயங்களில் வளர்ந்தவர்கள் பலர் இதைப் பரந்த விலக்காகப் புரிந்துகொண்டு, சொற்களை நகலெடுப்பதும் அச்சிடுவதும் அதில் அடங்கும் என்று நம்புகிறார்கள், அடங்காது. ஒரு பாடலின் முழு வரிகளையோ இசைக்குறிப்பையோ இதழில் வெளியிட வேண்டுமானால் அதன் பதிப்பாளரிடம் எழுத்துப்பூர்வ அனுமதி பெற வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் இதழின் கால அட்டவணையிலேயே அதற்கு இடம் விடுங்கள். வெளியாகி 95 ஆண்டு நிறைந்த பாடல்கள் பதிப்புரிமைக்கு அப்பாற்பட்டவை; 2026 ஜனவரி முதல் 1930ஆம் ஆண்டு வரை வெளிவந்தவை அந்தக் கணக்கில் வருகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் சமயப் பாடலாசிரியர் ஃபேனி கிராஸ்பி காலத்துப் பாடல்களுக்கு ஆகவே தடையில்லை. ஆனால் டார்சி 1930களில் வெளியிட்ட பலவற்றுக்கு உரிமை இன்னும் உயிரோடிருக்கிறது. பழைய பாடலுக்கு இக்காலத்தவர் செய்த இசையமைப்புக்குத் தனிப் பதிப்புரிமை உண்டு என்பதும் நினைவில் இருக்கட்டும். தொடக்க இதழ்களுக்கு நான் பரிந்துரைப்பது, பழைய பாடல் ஒன்றை எடுத்து, உங்கள் எழுத்தாளர்களில் ஒருவரைக் கொண்டே புதிதாக அமைக்கச் செய்து, அந்த அமைப்பை இதழில் வெளியிடும் உரிமையை அவரிடமிருந்து எழுதி வாங்கிக்கொள்வது.

அச்சா, மின்னிதழா என்ற கேள்விக்கு என் பதில், மின்னஞ்சல் மடலில் தொடங்கி, காலாண்டு அச்சிதழுக்குப் போவது. மடல் உங்களுக்கு முகவரிகளையும், எந்தத் தலைப்பு மக்களைத் தொடுகிறது என்ற அறிவையும் சேர்த்துத் தரும். அச்சை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் பழமைப் பற்று அல்ல. ஒத்திகையின்போது ஆர்கனின் மேல் விரித்து வைக்கப்படும் தாள், பாடகர் குழுவில் கைமாறிப் போகும் பிரதி, மாநாட்டு மேசையில் கையில் எடுத்துப் புரட்டப்படும் பொருள் ஆகிய மூன்றையும் திரை ஈடுசெய்வதில்லை. நடுவில் தைக்கப்படும் இதழின் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். நாற்பத்தெட்டுப் பக்கம் நல்ல தொடக்கம்.

அஞ்சல் விதிகளை முன்கூட்டியே படித்துவிடுங்கள். புத்தகங்களுக்கான மலிவான மீடியா மெயிலில் இதழை அனுப்பிவிடலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். விளம்பரம் இருக்கும் எதையும் அதில் அனுப்ப முடியாது. பருவ இதழ்களுக்கான சலுகைக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு நான்கு முறையாவது இதழ் வர வேண்டும், விநியோகத்தில் பாதிக்கு மேல் சந்தா செலுத்தியோ கேட்டோ பெறுபவர்களுக்குப் போக வேண்டும், உரிமை மற்றும் விற்பனை விவரங்களை ஒவ்வோர் ஆண்டும் அஞ்சல் துறைக்கு அளித்து இதழிலும் வெளியிட வேண்டும். தொடக்கத்தில் 200 பிரதிகளுக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்பினால் மார்க்கெட்டிங் மெயில் கட்டணமே போதுமானதாக இருக்கலாம். பருவ இதழ்களுக்குரிய அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னைக் காங்கிரஸ் நூலகம் கட்டணமின்றி வழங்குகிறது. பெயரை முடிவு செய்யும் முன் வணிகச் சின்னப் பதிவேட்டைப் பார்த்துவிடுங்கள்.

இனிக் கணக்கு. உதாரணத்துக்கு 600 சந்தாதாரர்கள், ஆண்டுக்கு 32 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 19,200 டாலர். இதழ் ஒன்றுக்கு 4,800. அச்சும் அஞ்சலும் பிரதிக்கு மூன்றரை டாலர் என்றால் 2,100 போகிறது. ஐந்து கட்டுரையாளர்களுக்குத் தலா 250 என்று 1,250, பக்க வடிவமைப்புக்கு 800. மிஞ்சுவது 650 டாலர். ஒலிப்பதிவு, பயணம், மென்பொருள், உங்கள் மூன்று மாத உழைப்பு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அடங்காது. ஆகவே சந்தா இதழின் உயிரைக் காக்கும், விளம்பரம்தான் உங்களுக்குச் சம்பளம் தரும் என்று திட்டமிடுங்கள். கட்டுரையாளர்களின் தொகையைக் குறைத்து இதைச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் வரும்; இசைக்கலைஞர்கள் இலவசமாக உழைக்கவைக்கப்படுவதைப் பற்றி எழுதும் இதழ் அதையே செய்வது அழகல்ல. லாப நோக்கற்ற நிறுவனமாகப் பதிவு செய்தால் எல்லாம் எளிதாகிவிடும் என்பதும் பாதி உண்மைதான்: நன்கொடை பெறலாம், ஆனால் விளம்பர வருமானத்துக்குப் பொதுவாக வரி உண்டு.

விளம்பரதாரர்கள் யார் என்பது தெளிவு: ஆர்கன் விற்பவர்கள், விசைப்பலகை நிறுவனங்கள், பாடகர் குழு அங்கி தைப்பவர்கள், பதிவுக்கூடங்கள், இசைத்துறை உள்ள கல்லூரிகள், தம் இசைத்தொகுப்பை அறிமுகப்படுத்த விரும்பும் பாடகர்கள். இவர்களில் கடைசியாகச் சொன்னவர்களிடம்தான் எச்சரிக்கை வேண்டும். இரண்டு பக்க விளம்பரம் தருகிறேன், அட்டையில் என் படம் வருமா என்று கேட்பார்கள். ஒரு முறை இசைந்துவிட்டால் அடுத்த இதழிலிருந்து அட்டைக்கு ஒரு விலை நிர்ணயமாகிவிடும். வாசகர்கள் அதை எளிதில் கண்டுகொள்வார்கள். கட்டுரை போலத் தோன்றும் விளம்பரத்தை விளம்பரம் என்று தெளிவாகக் குறிக்க வேண்டும் என்பது கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் எதிர்பார்ப்பும்கூட. மதிப்புரைகளில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. இந்த வட்டம் மிகச் சிறியது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பாடியவர் ஒரு போதகரின் மகளாக இருப்பார், அந்தப் போதகரின் சபையில்தான் உங்கள் அடுத்த கட்டுரையாளர் வாசிப்பார். எனவே மோசமான தொகுப்புகளைச் சாடுவதில் பக்கத்தைச் செலவிடாமல், நல்ல தொகுப்பு ஒன்றை எடுத்து, எந்தப் பாட்டில் எந்த இடத்தில் என்ன நடக்கிறது, அதை ஒரு சாதாரணக் குழுவால் எப்படிப் பாட முடியும் என்று எழுதச் செய்யுங்கள். அது கோழைத்தனம் என்று சிலர் சொல்லலாம். தொழில் இதழுக்கு அதுவே பொருத்தம் என்பது என் கருத்து.

சமய நிலைப்பாட்டையும் முதல் இதழுக்கு முன்பே எழுத்தில் வைத்துவிட வேண்டும். 1989இல் டெரேசா ஹேர்ஸ்டன் தொடங்கிய, பின்னர் கோஸ்பல் டுடே என்று பெயர் பெற்ற இதழ், 2008இல் பெண் போதகர்கள் ஐவரை அட்டையில் வெளியிட்டது. போதகர் பணி ஆண்களுக்கே உரியது என்று கருதும் சதர்ன் பாப்டிஸ்ட் அமைப்பைச் சேர்ந்த லைஃப்வே கடைகள் அந்த இதழை அலமாரியிலிருந்து எடுத்து, கேட்டால் மட்டும் தரும்படி மேசைக்குப் பின்னே வைத்துவிட்டன. ஆசிரியர் செய்தது தவறில்லை. ஆனால் விற்பனை ஒரே கடைத்தொடரை நம்பியிருக்கும் இதழுக்கு இதனால் எவ்வளவு பாதிப்பு வரும் என்று யோசித்துப் பாருங்கள். சனிக்கிழமை இரவு விடுதியில் ஜாஸ் வாசித்துவிட்டு ஞாயிறு காலை ஆலயத்தில் வாசிப்பவரைப் பற்றி எழுதுவீர்களா, வாசகரின் கடிதத்தில் கோட்பாட்டுச் சண்டை வந்தால் வெளியிடுவீர்களா என்பவற்றுக்கும் விடை இருக்க வேண்டும். தொழில் இதழாக இருப்பதன் நன்மை இங்கே தெரியும்: வாசிப்பைப் பற்றி எழுதுகிறோம், போதனையைப் பற்றி அல்ல என்ற எல்லை உங்களைப் பல சண்டைகளிலிருந்து காப்பாற்றும்.

கடைசியாக, விற்பனை. டார்சி தம் முதல் கோஸ்பல் பாடல்களின் அச்சுப் பிரதிகளை ஆலயங்களுக்குத் தபாலில் அனுப்பிப் பார்த்தபோது நெடுங்காலம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1930இல் சிகாகோவில் கூடிய தேசிய பாப்டிஸ்ட் மாநாட்டில் அவருடைய பாடல் ஒன்று பாடப்பட்ட பிறகுதான் பிரதிகள் கேட்டு ஆட்கள் வந்தார்கள். இந்த இசை இன்றும் மாநாடுகளில்தான் கைமாறுகிறது. கோஸ்பல் பாடகர் ஜேம்ஸ் கிளீவ்லாண்ட் 1967இல் நிறுவிய கோஸ்பல் மியூசிக் வொர்க்‌ஷாப் ஆஃப் அமெரிக்கா, டார்சி நிறுவிய கோஸ்பல் பாடகர் குழுக்களின் தேசிய மாநாடு, ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் போதகர் மாநாட்டோடு சேர்ந்து நடக்கும் பாடகர் குழு இயக்குநர்கள் மற்றும் ஆர்கன் வாசிப்பாளர்களின் கூடுகை ஆகியவை பெரும்பாலும் கோடைக்காலத்தில் வருகின்றன. சதர்ன் கோஸ்பலைத் தேர்ந்தெடுத்தால், 1957இல் மெம்ஃபிஸில் தொடங்கி இப்போது டென்னசியின் பிஜன் ஃபோர்ஜில் நடைபெறும் தேசிய நால்வர் குழு மாநாடு இலையுதிர் காலத்தில் இருக்கிறது.

ஆகவே இலையுதிர் காலத்தில் மடலைத் தொடங்கி, குளிர்காலத்தில் முதல் இதழின் கட்டுரைகளையும் பாடல் அனுமதிகளையும் சேர்த்து, வசந்த காலத்தில் பதினாறு பக்க மாதிரி ஒன்றை அச்சிட்டு, அதோடு கோடை மாநாட்டுக்குச் செல்லுங்கள். அங்கே இலவசமாகக் கொடுத்துவிட்டு வராமல், மேசையிலேயே ஓராண்டுச் சந்தாவை வாங்குங்கள். முந்நூறு பேராவது பணம் கட்டும் வரை முழு இதழை அச்சுக்கு அனுப்ப வேண்டாம். அந்த எண்ணிக்கை வராவிட்டால், எவ்வளவு காலத்துக்குள் பணத்தைத் திருப்பித் தருவீர்கள் என்பதைச் சந்தா ரசீதிலேயே அச்சிட்டுவிடுங்கள்.